அக்காவின் ரத்தத்தில் ஏறிய அமிலம்

அக்கா இளைத்துக்கொண்டே போனதைப் பார்த்து முதலில் பொறாமைப்பட்டவள் நான்தான்.

மாடம்பாக்கத்தில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். அவள் முதல் தளம், நான் மூன்றாவது. அவளுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. நான் சேலையூர் பக்கம் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். அவளுடைய ஒரே மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவான அன்றே அக்கா அரிசிச் சோற்றை நிறுத்திவிட்டாள்.

"ஃபோட்டோவுல பாதி மேடையை நானே அடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுடி" என்றாள்.

அவளுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையிலேயே கட்டுப்பாட்டில் இருந்தது. சில மாதங்களுக்கு முன்னால், அவள் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் ஒரு புது மாத்திரையைச் சேர்த்திருந்தார். ரத்தத்தில் மிஞ்சுகிற சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளிவிடும், இதயத்துக்கும் நல்லது, எடையும் கொஞ்சம் குறையும் என்று சொன்னாராம். இதில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் அக்காவின் காதில் விழுந்தது.

சோறு போனது. பிறகு இட்லி போனது, சப்பாத்தி போனது. முட்டை, பனீர், கீரை, வெண்ணெய் என்று ஒரு புதுச் சமையல் வந்தது. அதையும் பிறகு ஒரு வேளையாக்கிக்கொண்டாள். அலுவலகத்தில் யாரோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அங்கே பட்டினி கிடப்பவர்களுக்குக் கைதட்டல் படங்கள் வரும். லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும், "என்ன மேடம், ஆளே மாறிட்டீங்க" என்றார்கள். அக்கா வெட்கப்பட்டுச் சிரிப்பாள். அவளை அப்படிப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

கார்த்திகை கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவளுக்கு வயிறு சரியில்லாமல் போனது. மத்தியானம் வெளியில் சாப்பிட்ட சாலட் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். வாந்தி, வயிற்றைப் பிசைகிற வலி, நிற்க முடியாத அசதி. தெருமுனை கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்தவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஆசிட் ஜாஸ்தியா சுரக்குது. சாப்பாட்டு டைமை மாத்துனா இப்படித்தான் ஆகும்" என்றார். ஓர் ஊசி போட்டார். வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரையும், ரோஸ் நிறத்தில் ஒரு பாட்டில் மருந்தும் எழுதிக்கொடுத்தார்.

ஆசிட் என்ற சொல் நம் வீடுகளில் அவ்வளவு சகஜம். காரம் சாப்பிட்டால் ஆசிட், காபி குடித்தால் ஆசிட், தூக்கம் கெட்டால் ஆசிட். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், தொண்டைக்கு ஏறி வரும் கசப்பு என்று அதன் அடையாளங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு நெஞ்செரிச்சல் இல்லை. ஏப்பமும் இல்லை. இருந்தாலும் ஆசிட் என்று சொன்னதும் எங்களுக்கு நிம்மதியாகிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை என்பதற்கு அது இன்னொரு பெயர்.

வீட்டுக்கு வந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். இருநூறுக்குள்தான் இருந்தது. அக்காவைப் பொறுத்தவரை அது நல்ல எண். "பாத்தியா, சுகர் கன்ட்ரோல்ல இருக்கு. வெறும் கேஸ்தான்" என்று படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டாள். அந்தக் கட்டுப்பாட்டை நான் பாராட்டவும் செய்தேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்ததில் பாதியை வாந்தி எடுத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அக்காவின் மகள் மாடியேறி என் வீட்டுக்கு வந்தாள்.

"சித்தி, நீங்க அம்மா ரூம்ல நெயில் பாலிஷ் எடுக்கிற ரிமூவர் எதாவது கொட்டிட்டீங்களா?"

"நான் எதுக்குடி கொட்டப் போறேன்?"

"இல்ல, ரூம் பூரா அந்த வாசனைதான் வருது. ஜன்னலைத் திறந்து வெச்சும் போகல."

நான் கீழே போய்ப் பார்த்தேன். இருந்தது. ரிமூவர் வாசனை என்றும் சொல்லலாம், அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாசனை என்றும் சொல்லலாம். பழக்கூடையைத் தேடினேன். அந்த வீட்டில் பழம் வாங்கியே மாதங்கள் ஆகியிருந்தன. கட்டிலடியில் குனிந்து பார்த்தேன். எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் மூச்சிலிருந்து வருகிறது என்று எப்படித் தோன்றும்?

மறுநாள் ஞாயிறு, படப்பையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டும். அத்தை எங்கள் அப்பாவின் தங்கை. அவருக்கு முதலில் வைக்காவிட்டால் கல்யாணத்துக்கே வரமாட்டார். அக்காவின் வீட்டுக்காரருக்குச் சிறுசேரியில் வேலை. வேலை நெருக்கடி என்பதால் ஞாயிறும் அலுவலகம் போயிருந்தார். "நாம ரெண்டு பேரும் போய்ட்டு வந்துடலாம். உக்காந்துதானே போறோம்" என்றாள் அக்கா. வாடகைக் காரை வரச் சொன்னேன்.

தாம்பரம் மேம்பாலம் இறங்கி முடிச்சூர் சாலையில் போகும்போதுதான் அவள் மூச்சு விடுவதைக் கவனித்தேன். மூச்சு வாங்குகிறது என்று நாம் சொல்வது வேறு. அது மேலோட்டமாக இருக்கும், இரைக்கும். இது ஆழமாக இருந்தது. மாடிப்படி ஏறி வந்தவள் போல நெஞ்சு நிறைய இழுத்து, முழுவதையும் வெளியே விட்டு, உடனே அடுத்த மூச்சை இழுத்தாள். காரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவள் எதற்கு இப்படி மூச்சு விட வேண்டும்?

"என்னக்கா, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லடி. வயிறுதான். மூச்சு தானா இப்படி வருது."

"திரும்பிடலாமா?"

"பத்திரிகை வெச்சுட்டுத் திரும்பலாம்."

அத்தை வீட்டில் தாம்பாளத்தைக் கொடுக்கும்போது அக்காவின் கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குங்குமச் சிமிழ் உருண்டு தரையெல்லாம் கொட்டியது. அத்தை முகம் மாறிப்போய்ச் சகுனத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அக்கா அதைக் கேட்கவில்லை. சோஃபாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "நாம யாருக்குப் பத்திரிகை வைக்க வந்தோம்?" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. நாக்கு காய்ந்து உதட்டில் ஒட்டியது. கன்னங்கள் மட்டும் சிவந்திருந்தன.

நானும் அத்தையின் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காருக்குக் கொண்டுவந்தோம். டிரைவர் வண்டிக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார்.

"இன்னா ஆச்சுக்கா? நல்லாத்தானே வந்துகினு இருந்தாங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போங்க. தாம்பரம்."

"சின்னதா ஒண்ணு இங்கியே கீது. அங்க போலாமா?"

"ஐசியு இருக்கிற இடமாப் போங்க."

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அக்கா என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் அந்த வாசனை என் முகத்தில் பட்டது. முந்தின நாள் நான் கட்டிலடியில் தேடிய வாசனை. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மண்ணிவாக்கம் சிக்னலில் ஜன்னலை இறக்கி, "பேஷண்ட்டு இருக்காங்க, வழி வுடுப்பா" என்று முன்னால் நின்ற எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். அக்காவின் முகத்தருகே குனிந்தவர் அப்படியே சில நொடிகள் நின்றார். பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

"சுகர் இருக்கா?"

"இருக்கு. ஆனா கன்ட்ரோல்ல இருக்கு டாக்டர். காலைல கூடப் பார்த்தோம், நார்மல்தான். இது ஆசிடிட்டி. கிளினிக்ல சொன்னாங்க."

"என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்போ சோறு சாப்பிட்டாங்க?" என்றார்.

"இன்னைக்கா?"

"பொதுவா. சோறு, இட்லி, அந்த மாதிரி."

"ரெண்டு மாசம் இருக்கும்."

டாக்டர் சட்டென்று திரும்பி நர்ஸைப் பார்த்து ஏதோ சொன்னார். நர்ஸ் ஓடினார். மருத்துவமனையில் நர்ஸ் நடந்தால் பயமில்லை. அவர் ஓடினார்.

மணிக்கட்டில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். அது தமனியிலிருந்து எடுப்பது, நன்றாக வலிக்குமாம். அக்கா கையைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை. சிறிது நேரத்தில் ஒரு சின்னத் தாளோடு டாக்டர் திரும்பி வந்தார்.

"மேடம், உங்க அக்காவுக்கு ஆசிட் ஜாஸ்திதான். ஆனா வயித்துல இல்ல. ரத்தத்துல."

அவர் அந்தத் தாளை என்னிடம் காட்டினார்.

"ரத்தத்தோட பிஎச் ஏழு புள்ளி பூஜ்யம் நாலு இருக்கு. ரொம்ப சீரியஸ். உடனே ஐசியுல சேர்க்கணும்."

இருபது வருடங்களுக்கு மேலாக நான் கரும்பலகையில் எழுதிவரும் அளவு அது. ஏழு என்றால் நடுநிலை, தூய தண்ணீர். அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஏழு புள்ளி பூஜ்யம் நான்கு என்று ஒரு மாணவன் விடை எழுதினால், கிட்டத்தட்ட நடுநிலை, கொஞ்சம் காரப் பக்கம் என்று திருத்தியிருப்பேன்.

"ஏழுக்கு மேலதானே இருக்கு? அப்போ அது ஆசிடே இல்லையே" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

"ரத்தத்துக்கு ஏழு புள்ளி நாலு இருக்கணும் மேடம். அதுல துளி நகர்ந்தாலே உடம்பு தாங்காது. இவங்க ஏழுக்கு வந்துட்டாங்க. இன்னும் கீழ போனா ஹார்ட் நின்னுடும்."

ஏழு புள்ளி நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எனக்குத் தெரியும். அது மடக்கை அளவு. சின்ன எண் இறங்கினால் அமிலம் மடங்கு மடங்காக ஏறும். நின்ற இடத்திலேயே என் மூளை கணக்குப் போட்டது. இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அக்காவைத் தள்ளிக்கொண்டு போகிற ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் அக்காவின் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் சிறுசேரியிலிருந்து வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. வந்ததும் வராததுமாக, "சுகர் எவ்வளவு?" என்றார். சொன்னேன். "அது நார்மல்தானே?" என்றார். அதே கேள்வி, அதே முகம். நானும் அப்படித்தான் நின்றிருப்பேன் போலிருக்கிறது.

ஐசியுவுக்கு வெளியே இருந்த நாற்காலி வரிசையில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர், மீன் விற்கிறவர். அவருடைய அப்பா உள்ளே இருந்தார். அவராகவே என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்களுக்கு யாருக்கா?"

"அக்கா. ரத்தத்துல ஆசிட் ஏறிடுச்சுன்னு சொல்றாங்க."

"எங்கப்பாவுக்கும் அதான் சொன்னாங்கோ. ஒரே பேஜாரா கீது எனக்கு. அவரு காரமே துண்ண மாட்டாரு. ஆசிட்டு எப்டி வரும்னு கேட்டேன். கிட்னி வேலை செய்யலியாம். ஒடம்புல சேர்ற ஆசிட்ட கிட்னிதான் வெளிய தள்ளணுமாம். அது நின்னு போச்சாம்."

"மூச்சு எப்படி விட்டார்?"

"அத்த ஏன் கேக்குறீங்கோ. படுத்துனே இருந்தாரு, ஆனா கடல்ல நீச்சல் அடிச்சுட்டு வந்த மாதிரி மூச்சு. நாங்க வீஸிங்குனு நெனச்சோம்."

ஒருவருக்குச் சிறுநீரகம் நின்றுபோய், இன்னொருத்திக்குச் சோறு நின்றுபோய். இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் ஒரே சொல் கொண்டுவந்து போட்டிருந்தது. அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

ராத்திரிக்கு முன்னால் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் கையில் மூன்று குழாய்கள். ஒன்றில் இன்சுலின், ஒன்றில் உப்பு நீர். மூன்றாவது குளுக்கோஸ். அக்காவின் வீட்டுக்காரர் பாட்டிலில் இருந்த பெயரைப் படித்துவிட்டுப் பதறினார்.

"சுகர் பேஷண்ட்டுக்கு குளுக்கோஸ் ஏத்தறீங்களே டாக்டர்."

"அதைத்தான் சார் அவங்க உடம்பு கேக்குது. சாப்பாட்டுல மாவுச்சத்தே இல்ல. இருக்கிற கொஞ்ச சர்க்கரையையும் அந்த மாத்திரை யூரின்ல தள்ளிடுச்சு. இன்சுலினும் உடம்புல கம்மியாயிடுச்சு. அப்போ உடம்பு எதை எரிக்கும்? கொழுப்பை எரிக்கும். அளவா எரிச்சா பரவால்ல. நிறுத்தாம எரிச்சா கீட்டோன்னு ஒண்ணு சேரும். அதுதான் ஆசிட். மூச்சுல வர்ற வாசனையும் அதோடதுதான்."

"அப்போ ஏன் சுகர் ஏறல?"

"ஏறுனதெல்லாம் யூரின்ல போயிடுச்சே. அதான் ஆபத்து. மீட்டர்ல நல்ல நம்பரா காட்டும், எல்லாரும் கேஸ்னு நெனச்சுடுவாங்க. உடம்பு ஆசிட்டை மூச்சு வழியா வெளிய தள்ளப் பார்க்கும். அதான் அவங்க அப்படி மூச்சு விட்டாங்க. மாத்திரை கெட்ட மாத்திரை இல்ல சார், நிறைய பேருக்கு நல்லது பண்ணுது. ஆனா வாந்தி வந்தா, சாப்பிட முடியலன்னா, பட்டினி கிடந்தா அதை நிறுத்தி வெச்சுட்டு டாக்டர்கிட்ட வரணும். யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அக்கா எங்களிடம் சொல்லவில்லை. நான் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். கொழுப்பு எரிய வேண்டும் என்றுதான் எல்லாரும் ஆசைப்பட்டோம். எரிந்ததன் சாம்பல் எங்கே போய்ச் சேரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு புள்ளி இரண்டுக்கு வந்தாள். மத்தியானம் இன்னும் கொஞ்சம் ஏறியது. என் வாழ்நாளில் அந்த எண்களை அப்படிக் கும்பிட்டதில்லை. செவ்வாய்க்கிழமை கண் திறந்து சரியாகப் பேசினாள். படப்பைக்குப் போனது அவளுக்கு நினைவில்லை. காரில் ஏறியது மட்டும் ஞாபகம் இருந்தது.

"நான் செத்துப் போயிருப்பேனாடி?"

"ஆமா."

அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அவ்ளோ ஈஸியாவா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் என்னை இன்றுவரை விடவில்லை. விபத்து இல்லை, பெரிய வியாதி இல்லை, வலி தாங்காமல் கத்தவில்லை. வயிற்றுப்போக்கு கடுமையாக நீடித்தாலும், விஷக்கிருமி ரத்தத்தில் பரவினாலும், சிறுநீரகம் ஓய்ந்தாலும் ரத்தம் இப்படிப் புளித்துப்போகுமாம். பிறகு நானே தேடித்தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றுக்கும் அறிகுறி ஏறக்குறைய இதேதான்: குமட்டல், அசதி, குழப்பம், அந்த ஆழமான மூச்சு. நம் வீட்டில் வாரத்துக்கு ஒருவர் சொல்லும் புகார்கள்தான் பாதி.

மீன் விற்கும் பெண்ணின் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். அக்காவை வார்டுக்கு மாற்றிய அன்று அவர் இன்னும் உள்ளேதான் இருந்தார். போய்ச் சொல்லிக்கொள்ள அந்தப் பெண்ணைத் தேடினேன். நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

அக்காவுக்கு அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இன்சுலின் போடச் சொன்னார்கள். வாட்ஸ்அப் குழுவில் என்ன நடந்தது என்று அவள் நீளமாக எழுதிப் போட்டாள். இரண்டு பேர் நலம் விசாரித்தார்கள். ஒருவர், நீங்கள் முறையாகச் செய்யவில்லை என்று பதில் போட்டார். அக்கா கோபத்தில் குழுவை விட்டே வெளியே வந்துவிட்டாள்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் முடியும்வரை பெண்ணைப் பெற்றவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை அதற்காகவே விடியற்காலையிலிருந்து அக்காவைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கையில், சாப்பாட்டுக் கூடத்தில் காலை முதல் பந்தி ஆரம்பித்ததும், அக்கா பட்டுப்புடவையோடு நேராகப் போய் மாப்பிள்ளை வீட்டார் நடுவில் உட்கார்ந்தாள். தோளுக்குக் கீழே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பரிமாறுகிறவர் தயங்கி நின்றார்.

"இட்லி வைங்கண்ணா" என்றாள். "பொங்கலும் கொஞ்சம்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அக்காவின் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டேன்.